வைத்தியர் பெயரில் ஒரு தோட்டம்

ஜெர்மன் பாஷையில் "ஷ்ரேபர் தோட்டம்" என்றொரு சொல் வழங்கி வருகிறது. நகரத்தின் ஓரத்திலே, ரயில் பாதையை ஒட்டியோ கால்வாய்க் கரையிலோ உள்ள நிலத்தைச் சிறு சிறு துண்டுகளாக வகுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலியும் ஒரு மரக் குடிசையுமாக, குடும்பத்துக்கு ஒன்று என்று குத்தகைக்கு விட்டிருக்கிறார்களே, அந்தத் தோட்டத்துக்குத்தான் இந்தப் பெயர். துண்டு வேண்டுமென்றால் முதலில் அந்த இடத்துச் சங்கத்தில் அங்கத்தினராக வேண்டும். ஜெர்மனி முழுவதிலும் இத்தகைய துண்டுகள் சுமார் 9 லட்சம் இருக்கின்றன. மாடி வீடுகளில் அடைந்து கிடக்கும் அத்தனை குடும்பங்கள், சொந்த நிலம் ஒரு பிடியும் இல்லாமலே, உருளைக்கிழங்கும் பீன்ஸும் ஆப்பிளும் பயிரிட்டு உண்கின்றன என்றால், அது எப்படி ஏற்பட்டது என்று அறிந்துகொள்ள நேயர்களுக்கு ஆவல் இருக்கும் என்று நம்புகிறோம்.

பெயரிலிருந்தே வேடிக்கை தொடங்குகிறது. டாக்டர் ஷ்ரேபர் தம் ஆயுளில் இப்படி ஒரு தோட்டம் போட்டவர் அல்லர். போடச் சொன்னவரும் அல்லர். முதல் பாத்தி வெட்டப்படுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1861-ல், அவர் காலமாகிவிட்டார்.

மோரிட்ஸ் ஷ்ரேபர் லைப்ஸிக் நகரத்து வைத்தியர். குழந்தைகளின் எலும்புக் கோணல்களைச் சரி செய்யும் வைத்தியசாலை ஒன்றை நடத்தி வந்தார். தேகப்பயிற்சியில் அவருக்கு அபார நம்பிக்கை. வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய பயிற்சிகளைப் பற்றி 1855-ல் அவர் எழுதிய புத்தகம் பல பதிப்புகள் கண்டது. ஆலைகள் பெருகி, தெருக்கள் நெருங்கி, குழந்தைகளுக்கு ஓடியாட இடமில்லாமற் போவதைக் கண்டு, அவர்கள் திறந்த வெளியில் விளையாடியே தீர வேண்டும் என்று எழுதினார். இவ்வளவும் நல்ல விஷயம். ஆனால் அதே மனிதர்தான், எழுதும்போது பிள்ளைகள் முன்னால் குனியாமல் இருப்பதற்காக மேஜையில் பொருத்தி மார்பைத் தடுக்கும் கருவியையும், தூங்கும்போது புரளாமல் இருப்பதற்காகக் கட்டும் வார்களையும் கண்டுபிடித்தவர். அவருடைய இரண்டாவது குமாரர் உயர்ந்த நியாயாதிபதியாகி, பிறகு சித்தப் பிரமைக்கு ஆளாகி, அந்த அனுபவத்தை 1903-ல் புத்தகமாக வெளியிட்டார். 1911-ல் வியன்னா அறிஞர் பிராய்ட் அந்தப் புத்தகத்தை ஆராய்ந்து எழுதியதனால் மனோதத்துவ உலகில் குமாரரின் பெயர் தந்தையின் பெயரை விடப் பிரசித்தமாயிற்று. தந்தையின் கண்டிப்புக்கும் மகனின் நோய்க்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிப் பண்டிதர்கள் இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தில் நாம் நுழைய வேண்டியதில்லை. தோட்டத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒட்டை உண்டாக்கியவர் ஓர் உபாத்தியாயர். எர்ன்ஸ்ட் இன்னோஸென்ட்ஸ் ஹௌஷில்ட் என்பவர் லைப்ஸிக்கில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். பெற்றோரும் ஆசிரியரும் கலந்து பேசுவதற்கு ஒரு சங்கம் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1864-ல் சங்கம் கூடியது. அதற்கு "கல்விச் சங்கம்" என்றோ "பள்ளிச் சங்கம்" என்றோ பெயர் வைப்பதில் அவருக்கு விருப்பமில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் மறைந்த வைத்தியரின் ஞாபகார்த்தமாக "ஷ்ரேபர் சங்கம்" என்று வைத்தார். மறு ஆண்டு, 1865 மே மாதத்தில், யோஹான்னா பூங்காவை ஒட்டிய புல்வெளியில் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டு மைதானம் திறந்தார்கள். அதற்கும் ஷ்ரேபர் பெயரே கிடைத்தது. அதுவரையில் ஒரு பாத்தி இல்லை, ஒரு செடி இல்லை. 1866-ல் ஹௌஷில்டும் காலமானார்.

ஆகவே, பெயருக்கு உரியவரும் பெயர் வைத்தவரும் போன பிறகுதான் தோட்டம் வருகிறது. அதைக் கொண்டுவந்தவரும் உபாத்தியாயரே: கெஸெல் என்னும் ஓய்வு பெற்ற ஆசிரியர். குழந்தைகள் ஓடியாடி விளையாடினால் மட்டும் போதாது, மண்ணைத் தொட்டு வேலையும் கற்க வேண்டும் என்று அவர் கருதினார். 1868-ல் மைதானத்தின் ஓரத்தில் சிறு பாத்திகள் வெட்டி, பிள்ளைகளிடம் ஒப்படைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால், பள்ளிக்கூடத் தோட்டம் போட்டுப் பார்த்த ஆசிரியர் எவரும் ஆச்சரியப்பட மாட்டார். விதை ஊன்றும் நாளில் பிள்ளைகளுக்கு உற்சாகம் கரை புரண்டு ஓடும். முளைத்ததா என்று பார்க்க மறுநாளே மண்ணைத் தோண்டுவார்கள். முதல் வாரத்தில் செடி அழுகிப் போகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாவது வாரத்தில் பூவாளி எங்கே கிடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. லைப்ஸிக்கிலும் அப்படியேதான் ஆயிற்று. பாத்திகளில் களை மண்டியது. மைதானத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வந்த தாய் தந்தையர், சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல், களையைப் பிடுங்கத் தொடங்கினார்கள். களை பிடுங்கியவர்கள் கொத்தினார்கள், கொத்தியவர்கள் விதைத்தார்கள். குழந்தைப் பாத்தி என்று இருந்தது குடும்பப் பாத்தி என்று ஆயிற்று. சில ஆண்டுகளுக்குள் இத்தகைய பாத்திகள் சுமார் நூறு ஏற்பட்டன. நூறு குடும்பம் ஓரிடத்தில் கூடினால் வேலித் தகராறு வராமல் இருக்குமா? ஆகவே வேலிகள் வந்தன, சங்கத்துக்கு விதிகள் வந்தன, கருவிகளை வைக்கப் பெட்டிகள் வந்தன. பெட்டி வளர்ந்து குடிசையாயிற்று.

கெஸெலின் திட்டம் தோற்றது என்று சொல்வோரும் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் எதிர்பார்த்த பயிர் விளையவில்லை; எதிர்பாராத பயிர் விளைந்தது.

இதற்கு முன்பே ஏழைகளுக்குத் தோட்டத் துண்டு கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லாமல் இல்லை. அப்போது டென்மார்க் அரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஷ்லெஸ்விக் பிரதேசத்தில், காப்பெல்ன் என்ற சிற்றூரில், 1814-லேயே ஒரு பாதிரியார் கோயில் நிலத்தைத் துண்டு போட்டுக் குத்தகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் மேலிருந்து கீழே கொடுக்கப்பட்ட தருமம். தருமத்தில் கொடுத்தவர் மனம் மாறினால் வாங்கியவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். லைப்ஸிக்கில் உண்டானது தாங்களே சந்தா கட்டி, தாங்களே விதி எழுதி, தாங்களே காரியதரிசியைத் தேர்ந்தெடுத்துக் கொண்ட ஒரு கூட்டம். இந்த வித்தியாசம் சிறிதல்ல.

நகரமோ பிரமாதமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1871-ல் லைப்ஸிக்கின் ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். 1900-ல் அது நாலரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. சுற்றுப்புறக் கிராமங்களை நகரத்தோடு சேர்த்துக் கொண்டதும் அதற்கு ஒரு காரணம். 1876-ல் சங்கம் பழைய இடத்தை விட்டு இன்னொரு நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. பாடுபட்டுப் பண்படுத்திய மண்ணை விட்டுவிட்டு மறுபடியும் கட்டாந்தரையில் மண்வெட்டியை வைப்பது எத்தகைய அனுபவம் என்பதை விவசாயம் செய்தவர்கள் அறிவார்கள். புதிய இடத்தில் 1896-ல் சங்கத்துக்கு ஒரு கட்டடமும் எழுந்தது. அந்தத் தோட்டமும் கட்டடமும் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

பெர்லின் கதை வேறு. அங்கே உபாத்தியாயரும் இல்லை, விளையாட்டு மைதானமும் இல்லை, பசிதான் இருந்தது. 1871-ல் எட்டு லட்சத்துக்குச் சற்று மேலாக இருந்த ஜனத்தொகை 1900-ல் பத்தொன்பது லட்சத்தை எட்டியது. வெளிச்சம் நுழையாத உள்முற்றங்களைச் சுற்றி ஐந்து அடுக்கு வாடகைக் கட்டடங்கள். ஒரே அறையில் ஒரு குடும்பமும், போதாதற்குப் படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுத்த அந்நியர் ஒருவரும். நகரத்தைச் சுற்றியிருந்த வயல்களைப் பணக்காரர்கள் வாங்கி, விலை ஏறட்டும் என்று தரிசாகப் போட்டிருந்தார்கள். அதுவரை அந்த நிலம் ஏன் சும்மா கிடக்க வேண்டும்? மொத்தக் குத்தகைதாரர் என்று ஒரு தரகர் கூட்டம் கிளம்பியது. நிலச்சொந்தக்காரரிடம் ஒரு பெரும் பரப்பை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, துண்டு துண்டாக்கித் தொழிலாளர்களுக்கு அதிக விலைக்குக் கொடுப்பது இவர்கள் தொழில்.

இந்தத் தரகர்களின் சாமர்த்தியத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் நடுவிலே ஒரு சாராயக்கடை வைப்பார்கள். அந்தக் கடையில் குடிக்காத தோட்டக்காரருக்கு அடுத்த ஆண்டு துண்டு கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. குழந்தைகளுக்குக் காய்கறி வேண்டும் என்று மண்வெட்டி எடுத்த மனிதர், அந்த மண்ணில் நிற்கும் உரிமைக்காகக் கூலியை பீர்க் கடையில் கொட்ட வேண்டும்! எழுத்து மூலமான பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. வீடு கட்டுகிறவன் வந்து நின்றால், முட்டைக்கோசு முற்றியிருக்கிறதா இல்லையா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். 1901 முதல் செஞ்சிலுவைச் சங்கத்தார் தொழிலாளர் தோட்டங்கள் அமைத்தபோது இந்தத் தொல்லை ஓரளவு குறைந்தது. ஓரளவுதான்.

பிறகு 1914-ல் யுத்தம் வந்தது. கடல் வழி அடைபட்டது. 1916-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து, அந்தக் குளிர்காலம் முழுவதும் ஜனங்கள் மாட்டுக்குப் போடும் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். "டர்னிப் குளிர்காலம்" என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர். அந்த நாட்களில் சட்டி அளவு மண்ணும் மதிப்புப் பெற்றது. அதுவரை தோட்டக்காரர்களை ஏறெடுத்தும் பாராத சர்க்கார், 1916-லேயே தோட்டக் குத்தகைக்கு உச்சவரம்பு கட்டும் உத்தரவைப் பிறப்பித்திருந்தது.

மன்னராட்சி வீழ்ந்த பிறகு, வைமார் நகரில் கூடிய தேசிய சபை 1919 ஜூலை 31-ஆம் தேதி புதிய குடியரசின் அரசியல் சட்டத்தை நிறைவேற்றியது. சிறு தோட்டங்களைப் பற்றிய சட்டத்துக்கும் அதே தேதிதான். ஒரு தேசத்தின் ஆட்சி முறையை வகுத்த நாளிலேயே பீன்ஸ் பாத்திக்கும் சட்டம் வகுத்தார்கள் என்பதை நாம் வேடிக்கையாகக் கருதவில்லை. அந்தச் சட்டம் செய்த காரியங்கள் மூன்றே. அதிகாரிகள் நிர்ணயித்த தொகைக்கு மேல் குத்தகை வாங்கக்கூடாது. தக்க காரணம் இல்லாமல் குத்தகைதாரரை வெளியேற்றக்கூடாது. நிலத்தைத் துண்டு போட்டு விடுகிற இடைநிலை உரிமை, லாபம் கருதாத சங்கங்களுக்கும் பொது ஸ்தாபனங்களுக்கும்தான். சாராயக்கடைத் தரகரின் ஆட்டம் அன்றோடு முடிந்தது. 1921-ல் தேசம் முழுமைக்குமான சங்கங்களின் கூட்டமைப்பும் ஏற்பட்டது.

ஆனால் சங்கம் என்பது நல்ல கையிலும் இருக்கும், பொல்லாத கையிலும் அகப்படும். 1933-ல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் கூட்டமைப்பைத் தங்கள் அமைப்பாக மாற்றிக் கொண்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் போனார்கள். பொதுவுடைமையாளரும் யூதரும் விலக்கப்பட்டார்கள். பல ஆண்டு உரம் போட்டு வளர்த்த மரத்தடியிலிருந்து, பக்கத்து வேலிக்காரர் பார்த்துக் கொண்டிருக்கும்போதே வெளியேற வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்து வேலிக்காரர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்ற கேள்விக்கு மகிழ்ச்சி தரும் விடை இல்லை.

எனினும் ஒரு சம்பவத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹான்ஸ் ரோஸென்டால் என்ற யூத வாலிபன், தாய் தந்தையை இழந்தவன். அவனுடைய தம்பியை நாஜிகள் நாடு கடத்திக் கொன்றுவிட்டார்கள். 1943-ல், பதினெட்டு வயது நிறைவதற்குள், அவன் பெர்லினின் கிழக்குப் பகுதியிலிருந்த ஒரு தோட்டக் குடியிருப்பில் அடைக்கலம் புகுந்தான். அங்கே வசித்த ஒரு பெண்மணி தம் குடிசைக்குள் ஒரு சிறு மறைவிடத்தில் அவனை ஒளித்து வைத்தார். அந்த அம்மாள் 1944-ல் இறந்து போனார். அடைக்கலம் அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் அதே தோட்டத்தில் இன்னொரு பெண்மணி அவனை ஏற்றுக் கொண்டார். மூன்றாவது பெண்மணி ஒருவரும் உதவினார். தங்கள் பங்கீட்டு உணவிலிருந்து பிரித்து அவனுக்கு ஊட்டினார்கள். வெளியே தெரிந்திருந்தால் அவர்கள் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. 1945 ஏப்ரலில் ருஷ்யப் படை வந்து சேரும் வரையில் இது நடந்தது. ரோஸென்டால் பிற்காலத்தில் ரேடியோவிலும் டெலிவிஷனிலும் ஜெர்மானியரைச் சிரிக்க வைக்கும் பிரபல கலைஞராகி 1987-ல் காலமானார். பதுங்கியிருந்த அந்த இரண்டு ஆண்டுகளையும், மூன்று பெண்களையும், தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

யுத்தம் முடிந்தபோது பெர்லின் செங்கற் குவியலாகக் கிடந்தது. வீடிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் தோட்டக் குடிசைகளில் குடியேறினார்கள். கருவி வைப்பதற்காகத் தோன்றிய பெட்டி கடைசியில் மனிதர்க்கு வீடாயிற்று.

நாடு இரண்டாகப் பிரிந்த பிறகு கிழக்கே பொதுவுடைமை சர்க்கார் இத்தோட்டங்களை முதலில் முகஞ்சுளித்தே பார்த்தது. வேலி போட்ட துண்டு, தனி ஆப்பிள் மரம் எல்லாம் அவர்கள் சித்தாந்தத்துக்கு ஒவ்வாதவை. ஆனால் கடையில் பழம் கிடைக்காதபோது சித்தாந்தம் என்ன செய்யும்? 1959-ல் சர்க்காரின் ஆதரவோடு ஒரே சங்கம் ஏற்பட்டது. பிற்பாடு தோட்டக்காரர் விளைத்த பழத்தையும் காய்கறியையும் சர்க்கார் நல்ல விலை கொடுத்து வாங்கி, கடையில் அதைவிடக் குறைந்த விலைக்கு விற்றது. வாங்கும் இடத்தில் கூடையைக் கொடுத்துக் காசு பெற்று, கடைக்குப் போய் அதே பழத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி வரலாம் என்று ஜனங்கள் பரிகாசம் செய்தார்கள்.

மேற்கே சண்டை நியாயஸ்தலத்தில் நடந்தது. நிலச்சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி நியாயமற்றது என்று தள்ளிவிட முடியாது: "எங்கள் நிலத்தை எந்தக் காலத்திலும் திருப்பிக் கேட்க முடியாது என்றால், அது எங்கள் நிலமா?" 1979-ல் அரசியல் சட்ட நியாயஸ்தலம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. அதன் பலனாக 1983-ல் புதிய சட்டம் பிறந்தது. துண்டு 400 சதுர மீட்டருக்கு மிகக்கூடாது. அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 10 சென்ட். குடிசை, தாழ்வாரம் உட்பட 24 சதுர மீட்டருக்குள். நிரந்தரமாகக் குடியிருக்க ஏற்றதாக இருக்கக்கூடாது. குத்தகையும் மிகக் குறைவாக இருக்கிறது என்று 1992-ல் மறுபடியும் தீர்ப்பாகி, வியாபாரத்துக்காகக் காய்கறியும் பழமும் பயிரிடும் நிலத்தின் குத்தகையைப் போல் நான்கு மடங்கு வரை வாங்கலாம் என்று 1994-ல் சட்டம் திருத்தப்பட்டது. நான்கு மடங்கு என்றதும் நேயர்கள் பயப்பட வேண்டாம். வீட்டு மனையின் மதிப்போடு ஒப்பிட்டால் அது அற்பத் தொகையே.

அங்கேதான் இன்றைய தகராறு இருக்கிறது. பெர்லினில் மட்டும் சுமார் 70 ஆயிரம் துண்டுகள் நகரத்தின் பரப்பில் சுமார் 3 சதவீதத்தைப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. வாடகை ஏறுகிறது, வீடு கிடைக்கவில்லை. ஒரு குடும்பம் தக்காளி வளர்க்கும் இடத்தில் பல குடும்பங்கள் குடியிருக்கலாமே என்கிறது ஒரு கட்சி. கட்டடத்தை எங்கேயாவது கட்டலாம், நூறு ஆண்டு பண்படுத்திய மண்ணை எங்கே போய் வாங்குவது என்கிறது மறு கட்சி. துண்டு கேட்டுப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இந்த இரண்டு கட்சிகளிலும் இருக்கிறார்கள்! வீடில்லாதவனின் குறையைத் தோட்டக்காரர் அலட்சியம் செய்வது தகாது என்பது நம் அபிப்பிராயம். ஆனால் நகரத்தில் இடம் தேவைப்படும்போதெல்லாம் முதலில் ஏழையின் பாத்தியின் மீது கண் விழுவதும், மோட்டார் வண்டிகள் நிற்கும் மைதானங்களின் மீது கடைசியாக விழுவதும் ஏன் என்று கேட்கவும் தோன்றுகிறது.

சங்கங்களுக்குள்ளே நடக்கும் சண்டைகளோ இன்னும் சுவாரஸ்யமானவை. நிலத்தில் மூன்றில் ஒரு பங்காவது காய், கனி முதலியவை விளைய வேண்டும் என்று 2004-ல் உச்ச நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. ஆகவே முழுவதும் புல்தரையாக்கி நாற்காலி போட்டுச் சாய்ந்திருக்கும் அங்கத்தினரைத் தேடிக்கொண்டு சங்க நிர்வாகிகள் அளவுநாடாவுடன் வருவது உண்டு. பல நாட்டுக் குடும்பங்கள் இன்று அங்கத்தினராகச் சேர்ந்து, ஜெர்மானியர் அறியாத கீரைகளையும் விதைக்கின்றன. ஒருவர் துண்டை விட்டு விலகும்போது மதிப்பீட்டாளர் வந்து மரங்களையும் குடிசையையும் கணக்கெடுக்கிறார். புதிதாக வருகிறவர் அந்த மதிப்பைப் பழையவருக்குக் கொடுக்க வேண்டும். ஆப்பிள் மரத்துக்கு விலை உண்டு, திராட்சைக் கொடிக்கு விலை உண்டு. மண்ணுக்கு மட்டும் கணக்கில் ஒரு காசும் எழுதுவதில்லை.

லைப்ஸிக்கில் 1896-ல் கட்டிய அந்தச் சங்கக் கட்டடத்தில் 1996 முதல் இத்தோட்டங்களின் சரித்திரத்தைக் காட்டும் பொருட்காட்சிசாலை ஒன்று நடைபெற்று வருகிறது. அதைச் சுற்றிலும் டாக்டர் ஷ்ரேபர் பெயரைத் தாங்கிய துண்டுகளில், குத்தகை கட்டி வரும் குடும்பங்கள் வழக்கம் போல் கொத்திக் கொண்டிருக்கின்றன.